குடும்பக் கதையில இல்லாத ஆறு வருஷம்: ஒரு ஆஸ்திரேலியக் குடும்பத்தோட முன்னோரைத் தேடின நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் மெல்போர்ன்ல இருக்கேன். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு சின்ன குடும்ப வரலாற்றுக் குழுவுல தன்னார்வலரா உட்கார்றது வழக்கம், யாராவது பழைய பேப்பர், போட்டோ எல்லாம் தூக்கிட்டு வருவாங்க, எந்த ஆவணம் எங்க கிடைக்கும்னு சொல்லி கூட உட்கார்ந்து தேடிக் கொடுப்போம். அப்படி வந்த ஒரு குடும்பத்தோட தேடல்தான் இது. ஆரம்பிச்சதுல இருந்து முடிய பதினாலு மாசம் ஆச்சு. எழுதுறதுக்கு அவங்க சம்மதம் கொடுத்துட்டாங்க, ஆனா பேரு, கப்பல் பேரு, துல்லியமான தேதி எதையும் எழுதல.

வந்தவங்க ரிட்டயர் ஆன நர்ஸ், அறுபது தாண்டினவங்க. அவங்களோட அம்மாவுக்கு 91 வயசு, முதியோர் இல்லத்துல இருக்காங்க, உடம்புதான் முடியல, ஞாபகம் நல்லா இருக்கு. அந்த அம்மாவோட பாட்டியைப் பெத்த தாய், அதாவது கொள்ளுப்பாட்டி, அயர்லாந்துல இருந்து வந்தவங்க. அயர்லாந்துல எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுக் கொடுத்தா போதும், அம்மா இருக்கும்போதே சொல்லிடணும், இதுதான் மகளோட கோரிக்கை.

வீட்டுல வழிவழியா சொல்ற கதை என்னன்னா, கொள்ளுப்பாட்டி ஒரு பாதிரியார் குடும்பத்துக் குழந்தைங்களப் பார்த்துக்கிற வேலையில, சொந்த டிக்கெட்ல, நேரா மெல்போர்னுக்குக் கப்பல்ல வந்தாங்க, பல்லாரட் தங்கச் சுரங்கப் பக்கம் ஒரு வண்டிக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஆதாரம்னு கையில இருந்தது ரெண்டுதான். ஒரு போட்டோ, ஒரு குடும்ப பைபிள். அந்த பைபிள்ல பிறப்பு இறப்பு எழுதுற முதல் தாள் இல்ல. கிழிஞ்சு போயிருந்தா பரவாயில்லை, ஓரமா பிளேடு வச்சு நேரா அறுத்து எடுத்த மாதிரி இருந்துச்சு.

முதல் முடிவு: ஆன்லைன் குடும்ப மரத்தை ஒதுக்கி வச்சது

மகள் ஏற்கனவே இன்டர்நெட்ல ஒரு ஃபேமிலி ட்ரீயைப் பார்த்து அப்படியே காப்பி பண்ணி வச்சிருந்தாங்க. அதுல கொள்ளுப்பாட்டிக்கு அப்பா, தாத்தா, அவருக்கும் அப்பான்னு 1700கள் வரைக்கும் பேரு போட்டிருந்துச்சு. பார்க்க அழகா இருந்துச்சு, ஆனா ஒரு பேருக்குக் கூட ஆவணம் இணைக்கல. அயர்லாந்தோட பொது ஆவணக் காப்பகம் 1922ல டப்ளின்ல நடந்த சண்டையில எரிஞ்சு போச்சு, 1821ல இருந்து 1851 வரைக்கும் எடுத்த சென்சஸ் தாள்கள் பெரும்பாலும் அதோட போச்சு, ஏழை விவசாயக் குடும்பம் ஒண்ணுக்கு 1700கள்ல பேரு கிடைக்கிறதே ரொம்ப அபூர்வம். அதனால அந்த மரத்தை மொத்தமா மூடி வைக்கச் சொன்னேன். அவங்களுக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ரெண்டு வருஷம் அதுல உட்கார்ந்திருக்காங்க.

இங்கிலாந்துல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த சென்சஸ்ல வீடு வீடா பேரு கிடைக்கும், அந்த வழக்கத்துல இங்கயும் பலர் தேடுறாங்க. ஆஸ்திரேலியாவுல அது நடக்காது. நியூ சவுத் வேல்ஸ்ல 1828ல எடுத்தது போல சிலதுதான் பேரோட மிஞ்சியிருக்கு, மத்த வீட்டுப் படிவங்கள் பெரும்பாலும் இப்ப இல்ல. ஆக இங்க பிறப்பு, கல்யாணம், இறப்பு சர்டிபிகேட்தான் முதுகெலும்பு. மெல்போர்ன் இருக்கிற விக்டோரியாவுல அரசுப் பதிவு 1853ல ஆரம்பிச்சுது, அந்தப் பதிவுல கேட்ட கேள்விகள் வேற பல இடங்களை விட அதிகம், அது நம்ம அதிர்ஷ்டம். கடைசியில இருந்து பின்னாடி போறதுன்னு முடிவு பண்ணி, முதல்ல கொள்ளுப்பாட்டியோட டெத் சர்டிபிகேட்டைப் பணம் கட்டி எடுத்தோம்.

டெத் சர்டிபிகேட்ல இருந்த ஒரு வரி

இறந்தது 1880களின் கடைசியில. தகவல் சொன்னது மருமகன். அப்பா பேரு தெரியாது, அம்மா பேரு தெரியாதுன்னு போட்டிருந்துச்சு, மருமகனுக்கு எப்படித் தெரியும், அதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல. பிறந்த இடம் கார்க் கவுண்டி (அயர்லாந்தோட தெற்குல ஒரு மாவட்டம்), அவ்வளவுதான், ஊரு பேரு இல்ல. மகள் முகம் வாடிப் போச்சு.

ஆனா விக்டோரியா டெத் சர்டிபிகேட்ல இன்னொரு கட்டம் உண்டு, இறந்தவங்க எங்க பிறந்தாங்க, ஆஸ்திரேலியக் காலனிகள்ல எந்தெந்தக் காலனியில எத்தனை வருஷம் இருந்தாங்கன்னு. அதுல எழுதியிருந்தது: டாஸ்மேனியா 6 வருஷம், விக்டோரியா 32 வருஷம்.

டாஸ்மேனியா விக்டோரியாவுக்குத் தெற்குல கடலைத் தாண்டி இருக்கிற தீவு, குடும்பக் கதையில அது கிடையவே கிடையாது. கணக்குப் போட்டா 1840களின் கடைசியில டாஸ்மேனியாவுல இறங்கியிருக்கணும், அப்ப அதுக்குப் பேரு வான் டீமன்ஸ் லேண்ட், டாஸ்மேனியான்னு பேரு மாறினது 1856லதான். அயர்லாந்துல பஞ்சம், கல்யாணம் ஆகாத இருபது வயசுப் பொண்ணு, அந்த வருஷத்துல வான் டீமன்ஸ் லேண்ட். இந்த மூணையும் சேர்த்து வச்சா எனக்கு உடனே தோணினது ஒண்ணுதான், கன்விக்ட் கப்பல், அதாவது தண்டனை வாங்கின கைதிங்களை நாடு கடத்திக் கொண்டு வந்த கப்பல்.

அத அன்னைக்கே சொல்லல. சொல்லாம விட்டது சரியான முடிவுன்னு இப்பவும் நினைக்கிறேன், ஏன்னா ஒரு வரியை மட்டும் வச்சு ஒருத்தரோட முன்னோரைக் கைதின்னு சொல்லிட்டு அப்புறம் இல்லைன்னு ஆனா, சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. டாஸ்மேனியா ஆவணங்களையும் பார்க்கணும்னு மட்டும் சொன்னேன்.

பிள்ளைங்களோட சர்டிபிகேட்

அடுத்து அவங்க பிள்ளைங்களோட பிறப்புப் பதிவு ஒவ்வொண்ணா எடுத்தோம், மொத்தம் ஆறு. விக்டோரியா பிறப்பு சர்டிபிகேட்ல அப்பா அம்மாவுக்கு எப்ப, எங்க கல்யாணம் ஆச்சுன்னு இருக்கும், அதுக்கு முன்னாடி பிறந்த பிள்ளைங்க யாரு, உயிரோட இருக்காங்களா இல்லையான்னும் இருக்கும். முதல் பையனோட பதிவுல கல்யாண இடம் லான்செஸ்டன், அது டாஸ்மேனியாவோட வடக்குல இருக்கிற ஊரு. ரெண்டாவதுலயும் அதேதான். மூணாவதுல மெல்போர்ன். நாலாவதுல இருந்து கார்க்னு மாறிடுச்சு, கல்யாண வருஷமும் பின்னாடி பின்னாடி போயிட்டே இருந்துச்சு. குடும்பப் பேரோட எழுத்தும் நடுவுல ஒரு தடவை மாறியிருந்துச்சு. நமக்கெல்லாம் அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், தலைமுறைக்குத் தலைமுறை மாறும், அதனால இது உறைக்காது, ஆனா குடும்பப் பேரு வச்சே ஆளைத் தேடுற ஊர்ல ஒரு எழுத்து மாறினா ஒரு குடும்பமே இண்டெக்ஸ்ல காணாமப் போயிடும்.

ஒரே ஆளு ஆறு தடவை சொன்னதுல கல்யாண இடம் மூணு. எத நம்புறது? சம்பவத்துக்குப் பக்கத்துல இருக்கிற பதிவைத்தான் முதல்ல எடுத்துக்கிறது, அதனால லான்செஸ்டன்.

இங்க நான் ஒரு தப்பு பண்ணினேன். முதல் பையனோட பதிவுல, முன்னாடி பிறந்த பிள்ளைங்க கட்டத்துல ஒரு பொண்ணு பேரு இருந்துச்சு, பக்கத்துல இறந்துட்டான்னு ஒரு சொல்லு. சுரங்கப் பகுதியில குழந்தைங்க நிறைய செத்துச்சு, அதுல ஒண்ணுன்னு கடந்து போயிட்டேன். முதல் பையனுக்கு முன்னாடின்னா அந்தக் குழந்தை விக்டோரியாவுல பிறந்திருக்கவே முடியாது, அதைக் கூட யோசிக்கல. நாலு மாசம் அந்தத் தாள் என் மேசையில இருந்துச்சு.

ஒரே பேருல மூணு பேரு

டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தோட பேர் இண்டெக்ஸ் ஆன்லைன்ல இலவசம், கன்விக்ட் பதிவேடுகளோட ஸ்கேனும் அப்படியே பார்க்கலாம். இந்தப் பதிவேடுகள் யுனெஸ்கோவோட உலக நினைவுப் பட்டியல்ல 2007ல சேர்ந்ததுக்குக் காரணமே அதுல இருக்கிற விவரம்தான், அந்தக் காலத்து ஏழை ஜனங்களைப் பத்தி இவ்வளவு நுணுக்கமா எழுதி வச்ச ஆவணம் உலகத்துல ரொம்பக் குறைவு. உயரம், கண்ணு நிறம், அம்மைத் தழும்பு, படிக்கத் தெரியுமா, சொந்த ஊரு, அம்மா அப்பா அண்ணன் தங்கச்சி பேரு, செஞ்ச குற்றம், அப்புறம் இங்க வந்து வாங்கின ஒவ்வொரு தண்டனையும் இருக்கும்.

தேடினா அதே பேருல, கிட்டத்தட்ட அதே வயசுல, கார்க்ல தண்டனை வாங்கின பொண்ணுங்க மூணு பேரு. தெற்கு அயர்லாந்துல அந்தப் பேரு அவ்வளவு சாதாரணம். முன்னாடி சொன்ன ஆன்லைன் மரத்துல இந்த மூணுல ஒருத்தரை எடுத்து ஒட்டியிருந்தாங்க, காரணம் எதுவும் சொல்லாம.

நாங்க எடுத்த முடிவு, நம்ம ஆளு யாருன்னு தேடறதுக்குப் பதிலா மூணு பேரோட வாழ்க்கையையும் கடைசி வரைக்கும் தொடர்றது. இதுக்கே மூணு மாசம் ஓடுச்சு. ஒருத்தி 1850களோட நடுவுல டாஸ்மேனியாவோட தலைநகரம் ஹோபார்ட்லயே இறந்துட்டா, மரத்துல ஒட்டியிருந்தது அவளைத்தான். இன்னொருத்திக்கு வேற ஒருத்தரோட கல்யாணம் ஆகி டாஸ்மேனியாவுலயே வரிசையா பிள்ளைங்க பதிவாகியிருக்கு. மிச்சம் ஒருத்தி. கைதிகள் கல்யாணம் பண்ண கவர்னர் அனுமதி வேணும், அந்த அனுமதிப் பதிவேட்டுல அவ பேரும் வண்டிக்காரரோட பழைய எழுத்துப் பேரும் சேர்ந்து இருந்துச்சு. அவரும் கைதிதான், இங்கிலாந்துக்காரர். கல்யாணம் லான்செஸ்டன்ல, ரெண்டு பேரும் கையெழுத்துக்குப் பதிலா குறி போட்டிருந்தாங்க.

இன்னொரு சாட்சியும் வேணும்னு ட்ரோவ்ல தேடினோம். ட்ரோவ் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தோட தளம், பழைய நியூஸ்பேப்பர்கள் கோடிக்கணக்கான பக்கம் இலவசமா இருக்கு. குடும்பப் பேரு போட்டா ஒண்ணும் வரல, மங்கலான அச்சைக் கம்ப்யூட்டர் தப்பாப் படிச்சிருக்கும், அதனால பேரை விட்டுட்டு தெருப் பேரு, இறந்த மாசம், புருஷனோட தொழில் இதையெல்லாம் போட்டுத் தேடினோம். நாலே வரியில ஒரு மரண அறிவிப்பு கிடைச்சுது, கார்க் கவுண்டி ஸ்கிபரீனைச் சேர்ந்தவர்னு. கன்விக்ட் பதிவேட்டுல அந்த மூணாவது பொண்ணோட சொந்த ஊரும் ஸ்கிபரீன்தான். மத்த ரெண்டு பேருக்கும் வேற ஊரு.

அவங்க வாழ்ந்த வாழ்க்கை

ஸ்கிபரீன் அயர்லாந்துப் பஞ்சத்துல ரொம்பவே அடிபட்ட பகுதி. 1845ல உருளைக்கிழங்குச் செடியில நோய் வந்து, அடுத்தடுத்த வருஷங்கள்ல சாப்பாடே இல்லாமப் போய், நாடு முழுக்க சுமார் பத்து லட்சம் பேர் செத்தாங்க. அந்தப் பொண்ணு செஞ்ச குற்றம் ஒரு வீட்டுக்குத் தீ வச்சது. அந்தப் பஞ்ச வருஷங்கள்ல அயர்லாந்துப் பொண்ணுங்க நிறைய பேரு வேணும்னே தீ வச்சுட்டு ஓடாம நின்னிருக்காங்க, நாடு கடத்தினா கப்பல்ல சாப்பாடாவது கிடைக்கும்னு. அவங்க அப்படிச் செஞ்சாங்களான்னு பதிவேட்டுல இல்ல, ஆனா உறவுக்காரங்க பேரு எழுதின இடத்துல அம்மா அப்பா இல்ல, ஒரு தங்கச்சியும் ஒரு அண்ணனும் மட்டும்தான்.

ஹோபார்ட்ல வந்ததும் ஆன்சன்னு ஒரு பழைய போர்க் கப்பல், டெர்வென்ட் ஆத்துல நங்கூரம் போட்டு நிறுத்தி வச்சிருந்தாங்க, புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அதுல ஆறு மாசம். அப்புறம் வீட்டு வேலைக்கு அனுப்பினாங்க. வேலை செஞ்ச இடத்துல இருந்து காஸ்கேட்ஸ் பெண்கள் சிறைக்குத் திரும்ப அனுப்பியிருக்காங்க, காரணம் கர்ப்பம். குழந்தையோட அப்பா யாருன்னு எங்கயும் எழுதல. கர்ப்பமான கைதிக்குத்தான் தண்டனை, எஜமான் வீட்டுல யாரையும் கேள்வி கேட்டதுக்குப் பதிவு இல்ல. குழந்தையைப் பால் குடி மறக்கடிச்சதும் தாய்கிட்ட இருந்து பிரிச்சு, கொஞ்சம் வளர்ந்ததும் நியூ டவுன்ல இருந்த குயின்ஸ் அனாதைப் பள்ளிக்கு அனுப்புறது வழக்கம். தாய் உயிரோட இருக்கிற குழந்தைங்கதான் அங்க நிறைய.

அந்தப் பள்ளியோட சேர்க்கைப் பதிவேட்டுல, தாயோட பேரைப் போட்டுத் தேடினப்பதான் அந்தக் குழந்தை கிடைச்சா. பொண்ணு. இறந்ததும் அங்கயேதான், அம்மாவோட கல்யாணத்துக்குச் சில மாசம் முன்னாடி. அப்பதான் மேசையில இருந்த அந்தப் பிறப்பு சர்டிபிகேட் ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தேன். அதே பேரு. மெல்போர்ன் வந்து எல்லாத்தையும் மறைச்ச கொள்ளுப்பாட்டி, முதல் பையனைப் பதிவு பண்ணும்போது மட்டும் அந்தக் குழந்தையைச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் எந்தப் பதிவுலயும் இல்ல. ஆனா கடைசியா பிறந்த பொண்ணுக்கு அதே பேரை வச்சிருக்காங்க. அந்தக் கடைசிப் பொண்ணுதான் 91 வயசு அம்மாவோட பாட்டி.

மகளும் நானும் அன்னைக்கு ரொம்ப நேரம் பேசல.

ஏன் மறைச்சாங்க

மகள் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான், இவ்வளவு கஷ்டப்பட்டவங்க எதுக்குப் பொய் சொல்லணும். வெட்கம்னு மட்டும் சொல்லிட முடியாது. 1851ல விக்டோரியாவுல தங்கம் கிடைச்சதும் வான் டீமன்ஸ் லேண்ட்ல இருந்து கடலைத் தாண்டி ஜனம் கூட்டமா வந்துச்சு, அதுல முன்னாள் கைதிங்க நிறைய. 1852ல விக்டோரியாவுல அதுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க, அங்க இருந்து வர்றவங்க எந்த நிபந்தனையும் இல்லாத விடுதலை பெற்றவங்கன்னு நிரூபிக்கணும். கொள்ளுப்பாட்டிக்கு இருந்தது நிபந்தனையோட கொடுத்த மன்னிப்பு. அதாவது பல்லாரட்ல அவங்க குடியிருந்ததே சட்டத்துக்கு எதிரானது, பிடிச்சா புருஷனையும் பிள்ளைங்களையும் விட்டுப் போயிருக்கணும். எழுத்து மாத்தினது, கல்யாண ஊரை மாத்தினது, பாதிரியார் குடும்பக் கதை, எல்லாமே பிள்ளைங்களைக் காப்பாத்த எழுப்பின சுவரு. அந்தச் சட்டம் போன பிறகும் சுவரு அப்படியே நின்னுடுச்சு, ஏன்னா கைதி வம்சம்ங்கிற பேச்சு ஆஸ்திரேலியாவுல ரொம்ப காலம் அவமானமாத்தான் இருந்துச்சு. 1988ல முதல் கைதிக் கப்பல் கூட்டம் வந்த இருநூறாவது ஆண்டு கொண்டாடின சமயத்துலதான் நிறைய குடும்பங்க வெளிப்படையா பேச ஆரம்பிச்சாங்க. இத நான் மகளுக்கு எழுதியே கொடுத்தேன்.

டிஎன்ஏ

ஆவணம் எல்லாம் சேர்ந்த பிறகுதான் டெஸ்ட் பத்திப் பேசினோம். ஒரு தலைமுறை மேல இருக்கிறதால அம்மாவோட எச்சில்தான் அதிகம் பயன்படும். முடிவுல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஒருத்தர் 40 சென்டிமார்கனுக்கு (ரெண்டு பேரோட டிஎன்ஏ எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு சொல்ற அளவு) கொஞ்சம் மேல பொருந்தினாரு, அவங்க குடும்பமும் ஸ்கிபரீன்ல இருந்து போனதுதான், அவங்க முன்னோர் பேரும் கன்விக்ட் பதிவேட்டுல இருந்த தங்கச்சியோட பேரும் ஒண்ணு. மகள் துள்ளிக் குதிச்சாங்க. நான் அத நிரூபணம்னு எழுத விடல, இந்த அளவு பொருத்தம் வேற வழியிலயும் வரலாம், பேரு வேற ரொம்ப சாதாரணமானது. வாய்ப்பு இருக்குன்னு மட்டும் ரிப்போர்ட்ல போட்டோம்.

அம்மாகிட்ட சொல்றதா வேணாமா

மகளுக்கு சொல்ல பயம். 91 வயசுல எதுக்கு இந்த பாரம், ஸ்கிபரீன்னு ஊரு பேரை மட்டும் சொல்லிட்டு விட்டுடலாம்னு நினைச்சாங்க. நானும் முதல்ல அதுக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா டிஎன்ஏவுக்கு எச்சில் கொடுத்தது அந்த அம்மா, எதுக்குன்னு கேட்டப்ப ஊரு கண்டுபிடிக்கன்னு சொல்லித்தான் வாங்கியிருக்காங்க. அவங்க உடம்புல இருந்து எடுத்த தகவலை அவங்களுக்கே மறைக்கிறது எனக்கு உறுத்துச்சு, அதை மகள்கிட்ட சொன்னேன். கடைசியில அம்மாகிட்டயே கேட்டாங்க, கொஞ்சம் வருத்தமான விஷயமும் இருக்கு, ஊரு பேரு மட்டும் போதுமா, எல்லாத்தையும் சொல்லட்டுமான்னு. எல்லாத்தையும் சொல்லுன்னாங்க.

நானும் கூட இருந்தேன். தீ வச்சது, கப்பல், சிறை எல்லாத்தையும் தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க. குழந்தை விஷயம் வந்ததும் பேரு என்னன்னு கேட்டாங்க. மகள் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, அது என் பாட்டி பேராச்சேன்னாங்க, அப்புறம் அந்த பைபிளை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அறுத்த தாளுக்கு அடுத்த பக்கத்துல, மேல, நடுங்குற கையோட அந்தக் குழந்தை பேரைத் தானே எழுதினாங்க.

அந்த வருஷக் கடைசியில மகளும் பேத்தியும் ஹோபார்ட் போனாங்க. காஸ்கேட்ஸ்ல மிச்சமிருக்கிற சுவருகளைப் பார்த்தாங்க, அந்த இடம் 2010ல உலக பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த பதினோரு கன்விக்ட் இடங்கள்ல ஒண்ணு. நியூ டவுன்ல அனாதைப் பள்ளிக் கட்டடங்களுக்கு நடுவுல இருக்கிற செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்கும் போனாங்க. குழந்தைக்குத் தனிக் கல்லு எதுவும் இல்ல. ஏழு மாசம் கழிச்சு அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க.

இன்னொரு தடவை செஞ்சா எத மாத்துவேன்

எச்சில் எடுக்கிறதுக்கு முன்னாடியே, இதுல என்னென்ன வெளிய வரலாம்னு அந்தப் பெரியவங்களுக்கு நேரா உட்கார்ந்து சொல்லிட்டு சம்மதம் வாங்குவேன். இப்ப குழுவுல இதுக்கு ஒரு தாள் அடிச்சு வச்சிருக்கோம். ஒரு சர்டிபிகேட் கையில வந்தா நமக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் பார்க்காம ஒவ்வொரு கட்டத்தையும் அன்னைக்கே தனித் தாள்ல எழுதி வைப்பேன், சீக்கிரமே செத்துப் போன பிள்ளைங்க பேரு உட்பட.

எல்லாத்தையும் விட, முதல் வாரமே அந்த அம்மாவைப் போய்ப் பார்ப்பேன். முதல் சந்திப்புல மகள் பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னாங்க, அம்மாவோட பாட்டிக்கு ஆப்பிள்னா உசிரு, ஆனா டாஸ்மேனியா ஆப்பிள்னு பெட்டியில எழுதியிருந்தா தொடக் கூட மாட்டாங்களாம், வீட்டுல எல்லாரும் அதை வச்சுக் கேலி பண்ணுவாங்களாம். முதியோர் இல்லத்துல அன்னைக்கு எல்லாத்தையும் கேட்டு முடிச்சப்புறம் அந்த அம்மாவும் இதையேதான் சொன்னாங்க, "அந்த ஊரு பேரைச் சொன்னாலே எழுந்து போயிடுவாங்க, அவங்க அம்மா சொல்லி வச்சிருக்கணும்." வீட்டுக்கு வந்து முதல் நாள் எழுதின நோட்டை எடுத்துப் பார்த்தேன். கப்பல், பாதிரியார், பல்லாரட் எல்லாம் வரிசையா எழுதியிருந்தேன். ஆப்பிள் பத்தி ஒரு வரி கூட இல்ல.